மூளையில் ஒரு பற்றாக்குறை பிறந்த கதை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, ஜெர்மனி ராக்கெட் எரிபொருளாகப் பயன்படுத்திய ஹைட்ரசீன் ஏராளமாக மிஞ்சிக் கிடந்தது. மருந்துக் கம்பெனிகள் அதை மலிவாக வாங்கி என்னென்னவோ செய்து பார்த்தன. ஹைட்ரசீனிலிருந்து ஹாஃப்மன் லா ரோஷ் கம்பெனி உண்டாக்கியவைதான் ஐசோனியாசிட், இப்ரோனியாசிட் என்ற இரண்டு காசநோய் மருந்துகள். முதலாவது இன்றும் நம் ஊர்க் காசநோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது. இரண்டாவதிலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது.

1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் இவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாளை எண்ணிக்கொண்டு படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து இன்னொரு தட்டுச் சாப்பாடு கேட்டார்கள். நடைவழியில் ஆடினார்கள். அவர்கள் ஆடும் படம் பத்திரிகைகளில் வந்தது. நுரையீரல் ஆறுவதற்கு முன்பே மனசு தேறிவிட்டது! டாக்டர்கள் இதைப் பக்க விளைவு என்று எழுதி வைத்தார்கள். நேதன் க்ளைன் என்ற மனநல மருத்துவருக்கு அந்தப் பக்க விளைவுதான் வேண்டியிருந்தது. ராக்லண்ட் மாநில மருத்துவமனையில் மனச்சோர்வில் மூழ்கிக் கிடந்தவர்களுக்கு இப்ரோனியாசிட்டைக் கொடுத்து, பலர் தேறியதாக 1957இல் அறிவித்தார். (கல்லீரலைக் கெடுக்கிறது என்று சில வருடங்களில் அந்த மருந்து அமெரிக்கக் கடைகளை விட்டே போய்விட்டது.)

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன், மனச்சிதைவுக்கென்று கெய்கி கம்பெனி அனுப்பிய ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். மனச்சிதைவுக்கு அது உதவவில்லை. 1956இல் மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்த்தார், பலித்தது. அதுதான் இமிப்ரமின். மறு வருடம் ஜூரிக் மாநாட்டில் அவர் அதைப் பற்றிப் பேசியபோது அரங்கில் ஒரு டஜன் பேர்தான் இருந்தார்களாம்.

ஆக, இரண்டு மருந்துகளுமே தற்செயலாகக் கிடைத்தவை. மனச்சோர்வு உள்ளவரின் மூளையில் என்ன குறைகிறது என்று யாரும் அளந்து பார்த்துவிட்டு மருந்து தேடவில்லை. கைக்கு மருந்து வந்தது. காரணத்தைப் பிறகு தேடினார்கள்.

காரணம் தேடியவர்களுக்கு நம் நாட்டு மூலிகை ஒன்றும் கைகொடுத்தது. சர்ப்பகந்தா வேர் ரத்தக் கொதிப்பையும் சித்தப்பிரமையையும் அடக்கும் என்று கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இலேயே எழுதியிருந்தார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதன் ரத்தக் கொதிப்பு முடிவுகளை பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டு உலகின் கவனத்தைத் திருப்பினார். 1952இல் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. ரிசர்பின் குடித்த சிலர் சோர்ந்து போனார்கள் என்று செய்தி வந்தது. 1955இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னார்ட் ப்ரோடியின் குழு, நரம்பு செல்களுக்கிடையே சேதி கடத்தும் வேதிப்பொருளான செரோட்டோனினின் சேமிப்பை ரிசர்பின் வெளியேற்றிக் காலி செய்கிறது என்று காட்டியது. இப்ரோனியாசிட் செய்வதோ நேர்மாறு. செரோட்டோனின், நோர்அட்ரினலின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதியை அது தடுக்கிறது.

கணக்கு தானாகவே கூடி வந்தது. குறைத்தால் சோர்வு, கூட்டினால் தெம்பு. அப்படியானால் சோர்வு என்பதே குறைவுதான்!

மிளகு ரசம் குடித்தால் சளி இளகுகிறது. அதற்காக உடம்பில் மிளகு குறைந்துதான் சளி பிடித்தது என்று யாரும் சொல்வதில்லை. இங்கே அதைத்தான் சொன்னார்கள். சொன்ன கணக்கும் அப்போதே இடித்தது. அதே 1955இல், பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு ரிசர்பினையும் வெற்று மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்ட லண்டன் ஆய்வு ஒன்று லான்செட் இதழில் வந்தது. தேறியவர்கள் ரிசர்பின் சாப்பிட்டவர்கள்! அந்தக் கட்டுரையை அதிகம் பேர் திரும்பிப் பார்க்கவில்லை. பிடித்துப்போன கருத்துக்கு எதிரான சாட்சிக்கு அறிவியலிலும் இதே கதிதான்.

1965இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜோசஃப் ஷில்ட்கிராட் இந்தக் கருத்துக்கு முறையான வடிவம் கொடுத்தார். அவர் கைகாட்டியது நோர்அட்ரினலினை. இது மிகவும் எளிமைப்படுத்திய விளக்கம் என்று அவரே எச்சரித்தும் இருந்தார். 1967இல் இங்கிலாந்தின் அலெக் காப்பன் செரோட்டோனினை முன்னே கொண்டுவந்தார். ஊகம், ஊகமாகவே நின்றிருந்தால் கெடுதல் ஒன்றுமில்லை. சோதித்துப் பார்க்கத்தானே ஊகம்? ஆனால் 1987 கடைசியில் எலி லில்லி கம்பெனியின் மனச்சோர்வு மாத்திரையான புரோசாக்குக்கு அமெரிக்க அனுமதி கிடைத்ததும், ஊகம் விற்பனைப் பிரிவுக்குப் போய்விட்டது. 2001 வாக்கில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சோலாஃப்ட் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரைக்கு விளம்பரம் வந்தது. முட்டை வடிவில் ஒரு வெள்ளை உருண்டை முகம் வாடி நகரும். இரண்டு நரம்பு செல்களுக்கு நடுவே புள்ளிகள் குறைவாக மிதக்கும். மாத்திரைக்குப் பின் புள்ளிகள் பெருகும், உருண்டை துள்ளும். ஷில்ட்கிராட்டின் எச்சரிக்கைக்கு அந்த விளம்பரத்தில் இடமில்லை.

சோதனைகள் என்ன சொல்லின? வெளியான செரோட்டோனினை நரம்பு செல் திரும்ப உறிஞ்சுவதை இந்த மாத்திரைகள் தடுப்பது சில மணி நேரத்தில். மனசு தேற வாரக்கணக்கில் ஆகிறது. செரோட்டோனினுக்கு மூலப்பொருளான டிரிப்டோஃபானை உணவில் குறைத்து செரோட்டோனினைச் சரித்தால், ஆரோக்கியமானவர்கள் பொதுவாகச் சோர்வதில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு வந்து மருந்தால் தேறியவர்களில் சிலருக்கு மட்டும் அது திரும்பி எட்டிப் பார்க்கிறது. செரோட்டோனின் மரபணு ஒன்றுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டு என்ற ஆய்வு 2003இல் பெரும் பரபரப்பை உண்டாக்கியது; 2019இல் மிகப் பெரிய தரவுகளோடு ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு நிற்கவில்லை. 2022இல் மனநல மருத்துவர் ஜொவானா மான்கிரீஃபின் குழு இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, குறைவுக்கு உறுதியான சான்று இல்லை என்றது. ஆய்வுகளைச் சேர்த்த முறையே சரியில்லை என்று வேறு நிபுணர்கள் மறுத்தார்கள். அதே வருடம் மூளையைப் படமெடுத்த ஒரு சிறிய ஆய்வு, மனச்சோர்வு உள்ளவர்களிடம் செரோட்டோனின் வெளியேற்றம் மந்தமாக இருப்பதாகக் காட்டியது. நோயாளிகள் 17 பேர்தான். அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

என் பார்வையில், செரோட்டோனினுக்கும் மனநிலைக்கும் சம்பந்தமே இல்லை என்பது மிகை. செரோட்டோனின் குறைந்ததுதான் நோய் என்பதோ நிரூபணம் ஆகாதது. உங்கள் மூளையில் அது குறைவு என்று காட்ட எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் சோதனை கிடையாது. ரத்தத்தில் அளந்தாலும் பயனில்லை. உடம்பின் செரோட்டோனினில் பெரும்பங்கு குடலில் உண்டாவது.

மாத்திரை வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி. 2018இல் லான்செட்டில் 522 பரிசோதனைகளைத் தொகுத்த ஆய்வில், 21 மருந்துகளும் வெற்று மாத்திரையை விடக் கொஞ்சம் மேலாகவே இருந்தன. அதனால் இதைப் படித்துவிட்டு இன்றிரவு மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் தூக்கக் கேடும் வரலாம். நிறுத்துவதானால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு படிப்படியாகக் குறையுங்கள்.