அபின் பெர்மிட்டும் பச்சை மருந்தும்

பாறசாலைக்காரங்களுக்கு ரெண்டு மொழியும் பழக்கம். 1956 நவம்பர் 1-ல பக்கத்து விளவங்கோடு சென்னை மாநிலத்தோட சேர்ந்துச்சு. நெய்யாற்றின்கரை தாலுகாவும் எங்க பாறசாலையும் கேரளத்திலேயே தங்கிடுச்சு. வீட்டுல தமிழ், ஆபீஸ்ல மலையாளம்.

போன வாரம் சின்னம்மை ஃபோன்ல அழுதாங்க. "மக்களே, அவன் தெனமும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு மாத்திரைய நாக்குக்கு அடியில வச்சிட்டு வாறான். ஒரு போதைய விட்டு இன்னொண்ணப் பிடிச்ச கணக்குதானே? நிறுத்தச் சொல்லட்டா?"

நான் இங்கிலாந்துல மருந்துக்கடை பார்மசிஸ்ட். காலையில சிலர் வந்து என் கண் முன்னாடியே பச்சை நிற மெத்தடோனைக் குடிச்சிட்டு வேலைக்குப் போவாங்க. வந்த புதுசுல எனக்கும் சின்னம்மையோட சந்தேகம்தான். அப்புறம்தான் பழைய கதையைத் தேடிப் படிச்சேன்.

ஒரு காலத்துல நம்ம நாட்டுல அபின் அரசாங்க லைசென்ஸ் கடையிலேயே கிடைச்சுது. 1959 ஏப்ரல்ல மருத்துவம் தவிர்த்த விற்பனையை நிறுத்தினாங்க. ஆனா பழக்கத்துக்கு அடிமையானவங்க பதிவு செஞ்சா பெர்மிட்டுக்கு அபின் கிடைக்கும். அந்தப் பட்டியல் மெல்லத் தேஞ்சு போகட்டும்ங்கறதுதான் எண்ணம்.

மெத்தடோன் வேற எண்ணத்துல வந்தது. 1930களின் கடைசியில ஜெர்மனியில கண்டுபிடிச்ச வலி மருந்து. 1960களின் நடுவுல நியூயார்க்ல வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர்னு ரெண்டு டாக்டர்கள் அதைத் தினம் ஒரு வேளை கொடுத்துப் பார்த்தாங்க. ஹெராயின் மாதிரி சில மணி நேரத்துல இறங்காது, ஒரு நாள் முழுக்க நிக்கும். சரியான அளவுல உடம்பு முறுக்கலும் வராது, மயக்கமும் இருக்காது. ஆள் வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பார்க்கலாம். அவங்க தேயறதுக்கு இல்ல, வாழறதுக்குக் கொடுத்த மருந்து.

தம்பி எடுக்கிற புப்ரினார்ஃபினும் இதே வழிதான். ரெண்டையும் 2005-ல உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேர்த்தது. இந்தியாவுல புப்ரினார்ஃபின் 1990கள்லேயே வந்தாச்சு; மெத்தடோன் 2012-ல.

திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்? உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்திருக்கும். பழைய அளவைத் திரும்பப் போட்டா மூச்சு நின்னு போகும். அந்த முதல் சில வாரம்தான் ரொம்ப ஆபத்து. குறைக்கறதோ நிறுத்தறதோ டாக்டரோட சேர்ந்துதான்.

ஊர்ல உங்க சொந்தத்துல யாராவது இப்படித் தவிச்சா, கேரள அரசோட விமுக்தி மையம் நெய்யாற்றின்கரை அரசு ஆஸ்பத்திரியிலேயே இருக்கு. வெட்கப்படாம கேளுங்க.

எல்லாத்தையும் சின்னம்மைகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"சரி மக்களே. நாளைக்கு அவன்கூட நானும் பஸ் ஏறுதேன்."