கோட்டி பிடித்த நகரம்

காலேஜில் படித்தபோது எதிர் காலேஜோடு நடந்த ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போயிருக்கிறீர்களா? நம்மில் பாதிப் பேர் பந்தைக் காலால் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால், கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தியிருப்போம். ஜெயித்தால் நாமே கோல் போட்ட மாதிரி ஒரு மிதப்பு. தோற்றால், 'ரெஃப்ரீ அவங்க ஆளுப்பா!' மூன்று வருஷம் முடிந்து டிகிரி கைக்கு வந்ததும் அந்தக் காய்ச்சல் தானாக இறங்கிவிடும்.

இறங்காமலே போனால்? அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று நூறு வருஷம் தொடர்ந்தால்? அதைப் பார்க்க வேண்டுமென்றால் கொல்கத்தாவுக்குத்தான் போகவேண்டும்.

அங்கே ரசிகர்களில் இரண்டு கட்சி. மேற்கு வங்காளத்தின் பூர்வீகக் குடிகள் 'கோட்டி'. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. முதல் கட்சியின் டீம் மோகன் பகான். இரண்டாம் கட்சிக்கு ஈஸ்ட் பெங்கால். வங்காளியில் கோட்டி என்றால் சொம்பு. உடன்குடி, திருச்செந்தூர் பக்கம் போய் இந்த வார்த்தையைச் சொன்னால் சிரித்துவிடுவார்கள். அங்கே கோட்டி என்றால் பைத்தியம்! ஃபுட்பால் விஷயத்தில் மட்டும், நம்ம உடன்குடி அர்த்தம் இரண்டு கட்சிக்குமே கச்சிதமாகப் பொருந்தும்.

இந்தப் பைத்தியம் தொடங்கியதும் படிக்கிற பையன்களிடம்தான். 1877. ஹேர் ஸ்கூல் மாணவன் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி, வெள்ளைக்கார சிப்பாய்கள் பந்து விளையாடுவதை வேடிக்கை பார்த்து நிற்கிறான். உருண்டு வந்த பந்தைத் திருப்பி உதைக்கிறான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது! பள்ளித் தோழர்களிடம் காசு வசூலித்துப் பந்து வாங்கினால், கிடைத்தது ரக்பி பந்து. பக்கத்து பிரஸிடென்ஸி காலேஜின் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஸ்டாக் இதைப் பார்த்துவிட்டு, சரியான பந்து கொடுத்து, ஆட்டத்தையும் கற்றுக்கொடுத்தார். பிறகு இதே சர்வாதிகாரி, தன் கிளப்பில் ஒரு குயவர் வீட்டுப் பையனைச் சேர்க்க மேல்ஜாதி உறுப்பினர்கள் மறுத்தபோது, 'உங்க சகவாசமே வேண்டாம்' என்று விலகி சோவாபஜார் என்ற புது கிளப்பைத் தொடங்கினார்.

1889-ல் பிறந்தது மோகன் பகான். 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு ஃபைனலில், ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட் என்ற ராணுவ டீமை 2-1 என்று சாய்த்தது. பதினோரு பேரில் பூட்ஸ் போட்டிருந்தவர் ஒரே ஒருவர்தான். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால்! பின்வரிசைக் கூட்டத்துக்கு ஆட்டமே தெரியவில்லை. பட்டம் பறக்கவிட்டு கோல் கணக்கைச் சொன்னார்களாம். ஆள்கிற ஜாதியை ஆடியே ஜெயிக்கலாம் என்று வங்காளம் கண்டுகொண்ட நாள் அது. அன்றைக்கு கோட்டி, பாங்கால் பேதமெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை.

ஒன்பதே வருஷத்தில் ஞாபகம் வந்துவிட்டது. 1920 ஜூலையில் ஜோராபகான் என்ற கிளப், மோகன் பகானுடன் மோத வேண்டியிருந்த நேரத்தில் சைலேஷ் போஸ் என்ற தடுப்பாட்டக்காரரை டீமிலிருந்து நீக்கியது. கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. 'கிழக்கத்திக்காரன் என்றால் இளக்காரமா?' என்று கோபித்துக்கொண்டு வெளியேறினார். ஆகஸ்ட் 1-ல் ஈஸ்ட் பெங்கால் கிளப் உதயம். 1925-ல் லீக்கில் முதல் மோதல். 1-0 என்று ஜெயித்தது கோபித்துக்கொண்டு போன கட்சி!

அதுவரை அது ஒரு பங்காளிச் சண்டைதான். 1947 தேசப் பிரிவினை அதற்கு வேறு அர்த்தம் கொடுத்தது. லட்சக்கணக்கானவர்கள் வீடு, நிலம், குளம் எல்லாவற்றையும் எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டு கொல்கத்தாவுக்கு ஓடி வந்தார்கள். சொந்த ஊரின் பெயர் இன்னொரு தேசத்து மேப்பில். அந்தப் பெயரில் அவர்களுக்கு மிச்சமிருந்தது ஒரு ஃபுட்பால் டீம். ஈஸ்ட் பெங்கால் கோல் போட்டபோது அகதிக் குடிசைகளில் எழுந்த சத்தத்தை வெறும் விளையாட்டு வெறி என்று சொல்லிவிட முடியுமா?

இந்தக் கட்சிச் சண்டை அடுப்படி வரைக்கும் போனது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன். மோகன் பகான் ஜெயித்தால் இறால். மேட்ச் முடிந்த மறுநாள் மார்க்கெட்டில் எதற்கு விலை ஏறியிருக்கிறது என்று பார்த்தே ரிசல்ட்டைச் சொல்லிவிடலாம் என்பார்கள்! 1997 ஜூலையில் இந்த இரு டீம்களும் மோதிய ஃபெடரேஷன் கோப்பை செமி ஃபைனலுக்கு, சால்ட் லேக் ஸ்டேடியத்தில் கூடியவர்கள் 1,31,781 பேர். பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1. அன்றைக்கு ஹில்சாவுக்கு யோகம்!

சிரிப்போடு நிறுத்திக்கொள்ளலாம்தான். ஆனால், வரலாறு அங்கே நிற்கவில்லையே...

1975 ஷீல்டு ஃபைனலில் மோகன் பகான் 0-5 என்று தோற்றது. அவமானம் தாங்காமல் ஓர் இளம் ரசிகர் உயிரை விட்டார். அடுத்த ஐந்தாவது வருஷம், 1980 ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன்ஸில் லீக் ஆட்டம். இரண்டு கட்சி ரசிகர்களும் ஒரே கேலரியில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். மைதானத்தில் இரண்டு வீரர்கள் மோதிக்கொள்ள, ரெஃப்ரீ இருவரையும் வெளியே அனுப்பினார். கேலரியில் அடிதடி. கல் பறந்தது. தப்பித்து ஓட ஒரே நெரிசல். 16 பேர் செத்துப்போனார்கள். அத்தனை பேரும் டிக்கெட் வாங்கி மேட்ச் பார்க்க வந்த ரசிகர்கள்.

'செம்மீன்' படத்தில் பாடி நம்மை உருக வைத்த அதே மன்னா டே, அந்த 16 பேருக்காக வங்காளியில் ஒரு பாட்டுப் பாடினார். நகரம் இன்னொன்றும் செய்தது. ஆகஸ்ட் 16-ஐ 'கால்பந்து ரசிகர்கள் தினம்' என்று அறிவித்து, அன்று ரத்த தான முகாம் நடத்தத் தொடங்கியது. கேலரியில் சிந்திய ரத்தத்துக்குப் பிராயச்சித்தம் போல, இரு கட்சிக்காரர்களும் வந்து ரத்தம் கொடுத்தார்கள். பாட்டிலில் போன பிறகு அதில் எது கோட்டி, எது பாங்கால்?

44 வருஷம் கழித்து, அதே ஆகஸ்ட் மாதம். 2024-ல் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் ஒரு பெண் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். கொல்கத்தா கொதித்தது. ஆகஸ்ட் 18-ல் நடக்கவிருந்த டுராண்ட் கோப்பை மோதல், பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று ரத்தானது. மேட்ச் இல்லை. ஆனாலும் ரசிகர்கள் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். இரண்டு கட்சியும் வந்தது. மூன்றாவது பெரிய டீமான முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்துகொண்டார்கள். 'இரண்டு கேலரிக்கும் ஒரே குரல்' என்பது அன்றைய கோஷம். போலீஸ் தடியடி நடத்தியது. அப்போதும் கலையவில்லை.

அன்று எடுத்த ஒரு போட்டோ இந்தியா முழுக்கச் சுற்றியது. மோகன் பகான் ரசிகர் ஒருவரின் தோள்மேல் உட்கார்ந்து, கையை உயர்த்திக் குரல் கொடுக்கிறார் ஓர் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்.