ஜப்பானிய அரக்குப் பேழைகள்

அரக்கு என்றதும் பூச்சியிலிருந்து கிடைக்கும் பிசினே நம் நினைவுக்கு வரும். ஜப்பானியர் 'உருஷி' என்பது வேறு. அது ஒரு மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பால். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளம் எழுப்பும். வெயிலில் காய்வதன்று, ஈரக் காற்றிலேயே இறுகும். ஒரு பூச்சு இறுகிய பின்னரே அதைத் தேய்த்து அடுத்த பூச்சு இடுவர். ஆகவே ஒரு பேழை முற்றுப்பெற மாதங்கள் பல செல்லும். உலராத பூச்சின்மீது பொற்றூள் தூவிச் சித்திரம் அமைப்பதை 'மாகி-எ' என்பர்.

கி.பி. 1543-இல் போர்த்துக்கீசியர் தானேகஷிமாத் தீவில் கரையேறினர். ஜப்பானியர் அவர்களை 'நம்பான்', அதாவது தென்திசைக் காட்டுமிராண்டிகள், என்றழைத்தனர். எனினும் அவர்கள் கேட்டவற்றைச் செய்து கொடுத்தனர். வளைந்த மூடியுடைய பெட்டகம், முன்பலகையை இறக்கி எழுதும் பேழை ஆகியவை, பாயில் அமர்ந்து வாழ்ந்த ஜப்பானியருடையவை அல்ல, ஐரோப்பிய வடிவங்கள். நாம் குர்ஆனை வைத்து ஓதும் ரைஹால் பலகையை ஒத்த மடக்குத் தாங்கிகளும் கிறித்தவ ஆலயங்களுக்காகச் செய்யப்பட்டன. பரப்பெங்கும் நெருக்கமாக முத்துச்சிப்பி பதித்த முறையில் குஜராத்தின் சிப்பி வேலைச் சாயலை அறிஞர் காண்கின்றனர்.

1614-இல் ஜப்பான் முழுவதும் கிறித்தவம் தடை செய்யப்பட்டது. 1639-இல் போர்த்துக்கீசியர் வெளியேற்றப்பட்டனர். 1641 முதல் டச்சு வணிகர் மட்டும் நாகசாகியின் தேஜிமாத் தீவில் அனுமதிக்கப்பட்டனர். வாங்குவோர் மாற, வேலைப்பாடும் மாறியது. சிப்பியின் நெருக்கம் குறைந்து, கருநிறப் பரப்பில் பொன்னாலான மலையும் மாளிகையும் விரிந்தன. ஏறத்தாழ 1640-இல் செய்யப்பட்டு, இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள 'மஸாரின் பேழை' இதற்குச் சான்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸின் சுவை வளைவுகளை நாடியது. நேர்ப்பலகைகளாலான பழைய பேழைகள் அங்கே பொருந்தவில்லை. வணிகர்கள் அவற்றைப் பிரித்து, மெருகேறிய மேற்பரப்பை மெல்லிய தகடாக அறுத்தெடுத்து, பிரெஞ்சு மரச்சாமான்களின்மீது ஒட்டச் செய்தனர். 1737-இல் பிரான்சின் அரசி மாரி லெஷின்ஸ்காவுக்காக அவ்வாறு அமைந்த இழுப்பறைப் பேழை, இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதைச் செய்தவர் பெர்னார் வான் ரிசன்பர்க். தம் பெயரின் தலைப்பெழுத்துக்களைச் சாமான்களில் முத்திரையாகக் குத்துவது அவர் வழக்கம். அந்த முத்திரையின் வழியே பின்னாளில் அவர் பெயர் அடையாளம் காணப்பட்டது.

ஆனால் அந்தத் தகட்டுக்கு ஒளி தந்தவர் யார்? கொப்புளம் பொறுத்து, பூச்சின்மேல் பூச்சாக மாதங்களைச் செலவிட்டவர் யார்? ஏற்றுமதிக்காக உழைத்த அத்தகையோரின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. வடிவத்தை வாங்குவோர் விதித்தனர். அறுத்து ஒட்டியவர் புகழ் பெற்றார். பார்ப்போரை இன்றும் நிற்கவைக்கும் அந்தக் கருமையும் பொன்னுமோ, பெயரறியாத அக்கைகளுக்கே உரியவை.