காற்றுக்குக் காத்திருந்தவர்களின் நகரம்

கி.பி. 671ஆம் ஆண்டின் இறுதியில், சீனத்துக் குவாங்சௌ துறையிலே ஒரு பாரசீகக் கப்பலில் ஏறி, வடகிழக்குப் பருவக்காற்றின் துணையால் இருபது நாளுக்கும் குறைவான காலத்தில் ஸ்ரீவிஜயத்தின் தலைநகரை அடைந்த இத்சிங் என்னும் பௌத்த பிக்ஷு, நாலந்தாவைக் கண்டாலன்றி மனம் ஆறாது என்று புறப்பட்டவராயினும், அவ்வூரில் ஆறு மாத காலம் தங்கினார். அந்த ஆறு மாதத்தையும் அவர் கடலைப் பார்த்துக்கொண்டு கழிக்கவில்லை. சம்ஸ்கிருத வியாகரணத்தைக் கற்றார். பிறகு மலாயு நாட்டில் இரண்டு மாதம் இருந்து, கடாரம் சென்று, மறுபடியும் காற்று அனுகூலமானபோது வங்கக் கடலைக் கடந்து 673இல் தாம்ரலிப்தியில் இறங்கினார். பல ஆண்டுகளுக்குப் பின், பாரதத்துக்குப் போக விரும்பும் சீனத் துறவிகளுக்கு அவர் எழுதிவைத்த யோசனை, முதலில் ஸ்ரீவிஜயத்தில் ஓரிரண்டு வருஷம் தங்கி முறைகளைப் பழகிக்கொண்டு அதன் பிறகே மேலே செல்லுங்கள் என்பதாகும். வழியில் தங்க நேர்ந்ததை இவ்வளவு பெரிய லாபமாக மாற்றிக்கொண்ட இன்னொரு பிரயாணியை நான் சரித்திரத்தில் சந்தித்ததில்லை.

இன்று சென்னையிலிருந்து சிட்னிக்கோ டோக்கியோவுக்கோ போகிறவர், வழியில் சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்தில் எட்டு மணி, பத்து மணி நேரம் அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்க நேர்ந்தால், அதைப் பெரும்பாலும் ஒரு தண்டனையாகவே எண்ணி, நாற்காலியில் சாய்ந்து அரைத்தூக்கம் தூங்கியும், வாங்கும் உத்தேசமில்லாத கடைகளைச் சுற்றியும், கைபேசியைப் பார்த்தும் பொழுதைத் தள்ளுகிறார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. இராக் கண்விழிப்பு எவரையும் அப்படி ஆக்கிவிடும். ஆயினும், ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய அந்த நகரம், அவரைப் போலவே அடுத்த பிரயாணத்துக்காகக் காத்திருந்தவர்கள் எழுப்பிய நகரம் என்பதை யாராவது எடுத்துச் சொன்னால் அவர் எழுந்து வெளியே வருவார் என்று நான் நம்புகிறேன்.

காத்திருத்தல் அந்தக் கடற்பகுதிக்குப் பிறவியிலேயே அமைந்தது. ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரையில் வீசும் வடகிழக்குக் காற்று, சீனக் கப்பல்களைத் தெற்கே கொண்டுவந்து சேர்க்கும். அதே காற்று இந்தியக் கப்பல்களை ஊருக்குத் திருப்பி அனுப்பும். மே முதல் செப்டம்பர் வரையில் வீசும் தென்மேற்குக் காற்று, சோழமண்டலக் கரையிலிருந்தும் கூர்ஜரத்திலிருந்தும் வருகிறவர்களை மலாக்கா நீரிணையில் கொண்டுவந்து விடும். சீனர்களைத் தாயகத்துக்கு ஏற்றிவிடும். எத்திசையிலிருந்து வந்தவரானாலும், வந்த காற்றிலேயே திரும்புவது இயலாத காரியம். காற்று திரும்பும் வரையில் சரக்கைக் கிடங்கில் இறக்கி, வீடு வாடகைக்கு எடுத்து, சமைத்து உண்டு, நோன்பும் பண்டிகையும் கொண்டாடி, அயலாருடைய பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு மாதக்கணக்கில் வாழ்ந்தே தீர வேண்டும். பலசரக்கும் பட்டும் துணியும் கை மாறியது அந்த மாதங்களிலேதான்.

இதை நன்றாக உணர்ந்து ஆட்சி செய்த துறைமுகம் மலாக்கா. அங்கே ஷாபந்தர் என்ற துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர்; இன்ன தேசத்து வியாபாரிகளுக்கு இன்னார் என்று பகுத்துக்கொண்டு, வந்தவர்களுக்குக் கிடங்கும் இடமும் ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை. போர்த்துகீசியர் 1511இல் அந்நகரைக் கைப்பற்றிய மறு ஆண்டில் அங்கு வந்த தோமே பிரெஸ் என்பவர், மலாக்காவில் 84 பாஷைகள் பேசப்பட்டன என்று எழுதினார். காத்திருந்தவர்களில் சிலர் திரும்பவேயில்லை. தமிழ் வியாபாரிகள் உள்ளூர்ப் பெண்களை மணந்து தோன்றிய மலாக்காச் செட்டிகள் என்ற சமூகத்தார், வீட்டில் மலாய் பேசிக்கொண்டும், உடையிலும் உணவிலும் அந்நாட்டு வழக்கத்தைப் பின்பற்றிக்கொண்டும், 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலில் இன்றளவும் வழிபட்டு வருகிறார்கள். ஒரு பருவம் தங்க வந்தவர்களின் சந்ததியார் அவர்கள்.

1819 ஜனவரியில் ராபிள்ஸ் துரை சிங்கப்பூர் ஆற்றின் முகத்தில் இறங்கி, பிப்ரவரி 6ஆம் நாள் உடன்படிக்கை செய்துகொண்டு, சுங்கமில்லாத துறைமுகம் ஒன்றை ஏற்படுத்தியபோது, அங்கே வந்து குவிந்த வாணிபமும் பழைய பருவக்காற்று வாணிபமே. ஆண்டின் தொடக்கத்தில் சீன நாட்டு ஜங்க் கப்பல்கள் வந்து சேரும். முதல் கப்பலின் பாய் கண்ணுக்குத் தெரிந்ததுமே படகுகள் எதிர்கொண்டு ஓடும். ஆண்டின் பிற்பகுதியில் செலிபிஸ் தீவிலிருந்து பூகிஸ் மாலுமிகள் நூற்றுக்கணக்கான பாய்மரப் படகுகளில் வந்து இறங்குவார்கள். ஒருவர் வருகையும் மற்றவர் புறப்பாடும் இவ்விதம் மாறி மாறி நிகழ்ந்தமையால், அந்நகரின் வருஷத்தையே காற்றுகள் பங்கிட்டுக்கொண்டன என்று சொல்லலாம்.

அந்தக் காலத்தை இன்றும் கண்ணால் காண வேண்டுமானால், தெலுக் ஆயர் வீதிக்குத்தான் போக வேண்டும். இப்போது அதைச் சுற்றி வானளாவிய வங்கிக் கட்டடங்கள் நிற்கின்றன. கடல் எங்கே என்று கேட்டால் வழிப்போக்கர் விழிப்பார். ஆனால் 1879இல் தொடங்கிய கரை நிரப்பும் பணி கடலைத் தூரத்தே தள்ளும் வரையில், அவ்வீதியே கடற்கரையாக இருந்தது. படகிலிருந்து இறங்கியவர் கால் வைத்த முதல் மண் அதுவே. எனவேதான், கடலைத் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் தங்கள் நன்றிக்கடனை அங்கேயே, நனைந்த துணியோடு என்று சொல்லத்தக்க அவசரத்தோடு, செலுத்தினார்கள். ஹொக்கியன் சீனர்கள் கடல் தெய்வமான மாசூவுக்கு முதலில் ஒரு சிறிய வழிபாட்டிடத்தை வைத்து, பின்பு 1839க்கும் 1842க்கும் இடையில் தியான் ஹொக் கெங் என்ற ஆலயத்தை எழுப்பினார்கள்; அதற்குப் பொருள் கொடுத்தவர்களில் முதன்மையானவர், பின்னாளில் ஏழைகளுக்கு மருத்துவமனை கண்ட டான் டொக் செங். அதன் வாசற்படி முழங்காலை எட்டும் உயரமுள்ளது. அதைத் தாண்டுகிறவர் தலை குனிந்து அடி பார்த்தே நுழைய வேண்டும். அக்காலத்தில் ஏறி வந்த கடல் நீரைத் தடுத்ததும் அந்தப் படியே. உள்ளே நின்று மேலே பார்த்தால், ஆணி ஒன்றுகூட அடிக்காமல் மரத்தோடு மரம் பொருத்திய விட்டங்கள் தெரிகின்றன.

அதே வீதியில் சில நிமிஷ நடையில் நாகூர் தர்கா இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள், நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது ஆண்டவரின் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய கட்டடம் அது. அங்கே சமாதி எதுவும் இல்லை. நாகூர்க் கரையில் நின்று நேர்ந்துகொண்டதை இந்தக் கரையில் இறங்கி நிறைவேற்ற ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவே. கீழ்ப்பகுதியில் மேனாட்டு மாளிகைகளின் வளைவுகளும் தூண்களும், மேற்பகுதியில் ஒரு சிறிய அரண்மனையின் முகப்பைப் பொம்மையாகச் செய்து வைத்தாற்போன்ற துளையிட்ட கைப்பிடிச் சுவரும், மூலைகளில் அடுக்கடுக்காகக் குறுகி எழும் மினாராக்களும் கொண்ட அதன் முகத்தைச் சற்று நேரம் நின்று பார்த்தால், கட்டியவர்கள் ஊரை நினைவிலிருந்து வரைந்தார்கள் என்பது விளங்கும். சற்று அப்பால் அல் அப்ரார் பள்ளிவாசல்; 1827இல் கூரைக் குடிசையாகத் தொடங்கியதனால் தமிழ் முஸ்லிம்கள் அதைக் குச்சுப் பள்ளி என்றே அழைத்தார்கள்.

மாரியம்மன் கோயிலின் வரலாறும் இதனோடு சேர்ந்ததே. ராபிள்ஸோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்து, செங்கற்சூளை வைத்து, அந்நகரத் தமிழர்களுக்குத் தலைவராக விளங்கிய நாராயண பிள்ளைக்கு, கோயிலுக்கென்று முதலில் ஒதுக்கப்பட்ட நிலம் தெலுக் ஆயரில்தான் இருந்தது. பூஜைக்கு உகந்த நன்னீர் அங்கே கிடைக்காமையால் அது கைவிடப்பட்டு, முடிவில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இடம் கிடைத்தது. மரத்தாலும் அத்தாப்பு ஓலைக் கூரையாலும் 1827இல் எழுந்த அந்த ஆலயம், தெய்வத்துக்கு மட்டும் வீடாக இருக்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கி, வேலையும் இல்லை, உறவும் இல்லை என்று நின்ற தமிழர்கள், ஓர் இடம் அமையும் வரையில் அதன் மண்டபத்தில் படுத்தெழுந்தார்கள். நம் நாட்டு ராஜபாட்டைகளில் சத்திரங்கள் செய்துவந்த தர்மத்தை, கடலுக்கு அப்பால் அக்கோயில் செய்தது. அதன் கோபுரத்தின் அழகைப் புகழ்கிறவர்கள் பலர். அந்த மண்டபத்தின் பெருமையைச் சொல்கிறவர்கள் குறைவு என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

நீராவிக் கப்பல்களும், 1869இல் திறந்த சூயஸ் கால்வாயும் காற்றின் அதிகாரத்தை ஒழித்தன. காத்திருத்தலையோ அவை ஒழிக்கவில்லை. ஜாவா, சுமத்ரா முதலிய தீவுகளிலிருந்து மக்காவுக்குப் புறப்பட்ட யாத்திரிகர்கள், ஜித்தா செல்லும் கப்பலுக்காகச் சிங்கப்பூரில் வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் தங்கினார்கள். கம்போங் கிளாமில் சுல்தான் பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்கள், அவர்களுக்குச் சோறும் பாயும் பிரயாணச் சீட்டும் விற்று வளர்ந்தன. கைப்பொருள் போதாதவர்கள் கடன்பட்டுப் போய்வந்து, அக்கடன் தீரத் தோட்டங்களில் உழைத்தார்கள். யாத்திரை சென்ற புண்ணியவானைச் சுமை தூக்க வைத்த அந்த ஏற்பாடு, இத்துறைமுகச் சரித்திரத்தில் எனக்குப் பிடிக்காத பக்கம்.

தமிழ்நாட்டார் நன்கறிந்த கப்பல் ரஜூலா. 1926இல் கட்டப்பெற்ற அது, சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் போய்வந்துகொண்டிருந்தது. மேல்தளத்தில் பாயை விரித்துக்கொண்டு போன ஏழைகளுக்குத் துறைமுகம் கண்ணில் பட்டவுடன் கரை கிடைத்துவிடவில்லை. கப்பலில் அம்மையோ காலராவோ தென்பட்டால், 1874 முதல் தொற்றுநோய்த் தடுப்பிடமாக இருந்த செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கப்பட்டு, எதிரே நகரத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நாட்களைக் கழிக்க வேண்டியிருந்தது.

விமானங்கள் வந்த ஆரம்பத்தில், வழியில் தங்குவது பிரயாணச் சீட்டிலேயே அடங்கியிருந்தது. 1937 ஜூன் 12ஆம் நாள் நகரத்தின் பக்கத்திலேயே காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. நிலத்தில் இறங்கும் விமானங்களுக்கு வட்டமான புல்தரையும், நீரில் இறங்கும் விமானங்களுக்குக் கரையோரச் சரிவும் அதில் இருந்தன. அதே மாதத்தில், உலகைச் சுற்றப் புறப்பட்ட அமீலியா இயர்ஹார்ட் அம்மையார் அங்கே இறங்கி ஓர் இரவு தங்கிச் சென்றார்; மறு மாதத் தொடக்கத்தில் பசிபிக் கடலின்மேல் காணாமற்போனார். 1947 டிசம்பர் 1ஆம் நாள், 29 பிரயாணிகளோடு சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பிய குவாண்டாஸ் கம்பெனியின் கான்ஸ்டலேஷன் விமானம் நான்கு நாள் பறந்தது. சிங்கப்பூரில் ஓர் இரவும் கெய்ரோவில் ஓர் இரவும் பிரயாணிகள் ஊருக்குள் சென்று தூங்கினார்கள். தூங்குமுன் வீதியில் உலாவினார்கள், கடைத்தெருவைக் கண்டார்கள், அந்த ஊரின் சோற்றை உண்டார்கள். அவர்கள் சிங்கப்பூரைக் கடந்து போனதாகச் சொல்ல முடியாது. சிங்கப்பூருக்கு வந்துபோனவர்கள் அவர்கள்.

1955இல் பாய லேபாருக்கும், 1981இல் கடலோரத்துச் சாங்கிக்கும் விமான நிலையம் பெயர்ந்தது. ஜெட் விமானங்களின் வேகத்தால் இரவுத் தங்கல் மறைந்து, மாதங்களாக இருந்து நாட்களாகக் குறைந்த காத்திருத்தல் மணிகளாகச் சுருங்கியது. சாங்கியை நடத்துகிறவர்கள் அந்த மணிகளை இனிமையாக்கச் செய்திருக்கும் உபசாரத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். பட்டாம்பூச்சித் தோட்டமும், சினிமாக் கொட்டகையும், நீச்சல் குளமும், 2019இல் திறந்த கண்ணாடிக் குவிமாடத்தினுள் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியும் வேறு எந்தத் துறையில் உண்டு? இருப்பினும், அந்த உபசாரமே பிரயாணியை வாசல் தாண்டவொட்டாமல் செய்துவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கூரைக்குள் வந்துபோகிறவருக்குச் சிங்கப்பூரின் அருவி தெரியும். அதன் ஜனங்கள் தெரியமாட்டார்கள். வழியில் சில மணி நேரம் தங்குகிறவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பஸ்ஸில் ஏற்றி இலவசமாக நகரத்தைக் காட்டிக் கொண்டுவந்து விடும் ஏற்பாட்டையும் அவர்களே நடத்துகிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

தனியே போக விரும்புகிறவர், விசா விதிகளைச் சொந்த ஊரிலேயே விசாரித்துத் தெளிந்துகொண்டு, ஆறு மணி நேரத்துக்கு மேல் கையில் இருந்தால் துணியலாம். மூட்டை முடிச்சை நிலையத்திலேயே ஒப்படைத்துவிட்டு, ரயிலில் ஏறி, எக்ஸ்போவில் வண்டி மாறினால், அந்த வண்டி தெலுக் ஆயரில் கொண்டுபோய் விடும். மாரியம்மன் கோயில் நடை பகல் 12 மணிக்குச் சாத்தி மாலை 6 மணிக்குத் திறப்பதால், காலையில் வருகிறவர் முதலில் அம்மனைத் தரிசித்துவிட்டு, அங்கிருந்து பத்து நிமிஷ நடையில் தெலுக் ஆயர் வீதிக்கு வந்து, தர்காவையும் பள்ளியையும் சீன ஆலயத்தையும் வெயிலுக்கு முன் பார்க்கலாம். நாகூர் தர்காவின் உள்ளே இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையம் இருக்கிறது. பசித்தால் பக்கத்திலேயே பழைய இரும்புத் தூண்களோடு நிற்கும் லாவ் பா சாத் அங்காடியில் உண்ணலாம். விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் இருக்கும்போது திரும்புகால் வைத்தால் போதும்.