ஆற்காடு என்னும் பெயர்: ஒரு திவானும் ஒரு தங்கவயலும்

1947 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மைசூர் சமஸ்தானத்தின் தெருக்களில் ஒரு முழக்கம் கேட்டது: ‘ஆற்காட் பாய்காட்’. இரண்டே சொற்கள். ஒன்று தமிழ்நாட்டின் ஊர்ப்பெயர், மற்றொன்று ஆங்கில அரசியல் அகராதியிலிருந்து இந்திய மொழிகள் எல்லாம் கடன் வாங்கிய சொல். ஈற்றொலி ஒத்து அமைந்ததால் கன்னடம் பேசிய மாணவர் நாவில் அது எளிதில் ஏறியது. முழக்கம் ஊரைக் குறிக்கவில்லை. அந்த ஊரைத் தம் பெயருக்கு முன்னால் தாங்கியிருந்த சமஸ்தானத் திவான், சர் ஆற்காடு இராமசாமி முதலியாரையே குறித்தது.

அதே சமஸ்தானத்தில் ‘ஆற்காடு’ என்ற சொல்லை வேறு விதமாக உச்சரித்தவர்களும் பல்லாயிரம் பேர் இருந்தனர். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளரிடம் பூர்விகம் எது என்று கேட்டால் வட ஆற்காடு, சேலம் என்றே பெரும்பாலும் விடை வரும். 1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் அங்கே காலூன்றிய பிறகு, பஞ்சத்துக்கும் பண்ணையார் கொடுமைக்கும் தப்பி மலையேறி வந்தவர்கள் அவர்கள். பெரும்பான்மையோர் ஆதிதிராவிடர். 1902இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் தங்கவயலுக்குக் கொண்டுவரப்பட்டது. அன்றைய உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று அது. அந்த மின்சாரம் எந்திரங்களையும் துரைமார் பங்களாக்களையும் இயக்கியது. தொழிலாளி வாழ்ந்தது தட்டிச்சுவர்க் குடிசைகளில்.

ஒரே பெயரிலிருந்து புறப்பட்டு ஒரே அரசின்கீழ் வந்து சேர்ந்த இந்த இருவகைத் தமிழரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தென்னிந்திய அரசியல் ஓயாது விவாதித்த ஒரு கேள்வி புலப்படும்: யாருக்காக யார் பேசுவது, யார் கொடுத்த உரிமையில் பேசுவது?

இராமசாமி முதலியார் 1887 அக்டோபர் 14 அன்று கர்நூலில் பிறந்தார். உடன்பிறந்த இரட்டையர் இலட்சுமணசாமி முதலியார், பின்னாளில் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர். ‘ஆற்காடு இரட்டையர்’ என்றே நாடு இருவரையும் அழைத்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரான இராமசாமி முதலியார், நீதிக்கட்சியின் தொடக்கக் காலத்திலேயே அதில் சேர்ந்தார். 1919இல் சீர்திருத்தச் சட்டம் உருவாகிக்கொண்டிருந்தபோது, பார்ப்பனரல்லாதாருக்கு வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கோரி இலண்டனில் சாட்சியம் அளிக்கச் சென்ற குழுவில் அவரும் இருந்தார். கட்சியின் தலைமகனான டி. எம். நாயர் அவ்வாண்டு ஜூலை 17 அன்று இலண்டனிலேயே காலமானார். நாயர் சொல்ல நினைத்ததை எஞ்சியவர்கள் சொல்லிவிட்டுத் திரும்பினர்.

ஆக, முதலியாரின் பொதுவாழ்வு பிரதிநிதித்துவம் என்ற சொல்லிலேயே தொடங்கியது. எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் அதிகாரத்தில் இல்லாதிருப்பது அநீதி என்பதே நீதிக்கட்சியின் அடிப்படை வாதம். ஆனால் அந்த வாதத்தின் விளிம்பு எது என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. 1921இல் சென்னை பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிப் புளியந்தோப்பில் கலவரம் மூண்டபோது, சாதி இந்துத் தொழிலாளரும் ஆதிதிராவிடரும் எதிரெதிர் நின்றனர். கட்சித் தலைமை ஆதிதிராவிடர் பக்கம் நிற்கவில்லை என்ற கசப்பு வளர்ந்தது. எம். சி. ராஜா 1923இல் கட்சியை விட்டு விலகினார். பார்ப்பனரல்லாதார் என்ற பெரும் வட்டத்துக்குள் தங்கவயல் தொழிலாளி போன்றோர் உண்மையில் அடங்குகின்றனரா என்ற ஐயம் அதன்பின் மறையவே இல்லை.

தங்கவயல் அந்த விடைக்காகக் காத்திருக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்தச் சங்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்தில் வேரூன்றியிருந்தது. பண்டிதரின் எழுத்துகளைச் சாம்பியன் ரீஃப்பில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. 1926இல் ஜி. அப்பாத்துரையார் ‘தமிழன்’ இதழைத் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தார். அடுத்த ஆண்டு, 1927இல், சென்னையில் ‘ஜஸ்டிஸ்’ நாளேட்டின் ஆசிரியப் பொறுப்பை முதலியார் ஏற்று, 1935 வரை நடத்தினார். ஏறத்தாழ ஒரே காலம். வருணாசிரம எதிர்ப்பு இரண்டுக்கும் பொது. ஒன்று ஆட்சியாளருக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் பேசியது. மற்றது சுரங்கத்திலிருந்து ஏறி வந்தவருக்குப் புரியும்படி தமிழில் பேசியது. வேறுபாடு மொழியில் மட்டும் இல்லை. யாரை நோக்கிப் பேசுவது என்ற தேர்விலும் இருந்தது.

முதலியாரின் வாழ்வில் திருப்பம் 1934இல் நேர்ந்தது. மத்தியச் சட்டசபைக்கான தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் காங்கிரசின் எஸ். சத்தியமூர்த்தியிடம் அவர் தோற்றார். 1928 முதல் 1930 வரை அந்நகரின் மேயராக இருந்தவர், அதே நகரத்தின் வாக்காளரால் ஒதுக்கப்பட்டார். அதன்பின் அவர் வகித்த பெரும்பதவிகள் அனைத்தும் நியமனத்தால் வந்தவை: இலண்டனில் இந்தியச் செயலரின் ஆலோசகர், 1939இல் வைசிராய் நிருவாகக் குழுவில் வணிகத் துறை உறுப்பினர், 1942இல் சர்ச்சிலின் போர்க்கால அமைச்சரவையில் இந்தியப் பிரதிநிதி.

நியமனப் பதவி என்பதால் அவர் செய்தவை சிறியன என்று கொள்ளலாகாது. 1940இல் அவருடைய பொறுப்பில் அறிவியல் தொழில் ஆராய்ச்சி வாரியம் அமைந்து, சாந்தி ஸ்வரூப் பட்நாகர் அதன் இயக்குநரானார். இன்றைய சி.எஸ்.ஐ.ஆர். அதன் வழித்தோன்றல். 1945இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்குச் சென்ற இந்தியக் குழுவின் தலைவர் அவரே. பொருளாதார, சமூக ஒத்துழைப்பு குறித்த பிரிவுகளை ஆராய்ந்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். வாழ்க்கைத்தர உயர்வு, முழு வேலைவாய்ப்பு, இன மொழி பால் வேறுபாடற்ற மனித உரிமை ஆகியவை உலக அமைப்பொன்றின் கடமைகளாகச் சாசனத்தில் இடம்பெற்றன. 1945 ஜூன் 26 அன்று அச்சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர்.

அதே சான் பிரான்சிஸ்கோவில் மாநாட்டு அரங்குக்கு வெளியே விஜயலட்சுமி பண்டிட் வேறொரு கூற்றை முன்வைத்தார். பிரிட்டிஷ் அரசால் அனுப்பப்பட்டவர்கள் இந்திய மக்களுக்காகப் பேச உரிமையற்றவர்கள் என்பதே அது. முதலியாரின் திறமையை யாரும் மறுக்கவில்லை. அவருடைய அதிகார மூலமே கேள்விக்குள்ளாயிற்று. 1946 ஜனவரி 23 அன்று இலண்டனில் கூடிய ஐ.நா. பொருளாதார சமூக மன்றம், 18 நாடுகளின் உறுப்பினர் அமர்ந்த அவை, அவரைத் தன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. உலக சுகாதார நிறுவனத்துக்கு வழிவகுத்த பன்னாட்டு மாநாட்டைக் கூட்டியதும், மனித உரிமை ஆணையத்தை அமைத்ததும் அம்மன்றமே.

அவ்வாண்டே அவர் மைசூர்த் திவானாகப் பொறுப்பேற்றார். உழைப்பாளரின் வாழ்க்கைத்தரம் பற்றி உலகுக்கு வரைவு எழுதியவரின் ஆட்சி எல்லைக்குள் இப்போது தங்கவயல் இருந்தது. சுரங்கங்கள் பிரிட்டிஷ் நிறுவனங்களின் கையில். ராயல்டியும் மின்கட்டணமும் சமஸ்தானக் கருவூலத்துக்கு. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, பாறை வெடித்துச் சிதறும் ஆழத்தில் உழைப்பு. நுரையீரலில் கல்தூசி படிந்து வரும் சிலிக்கோசிஸ். சுரங்க எல்லையில் பொன் திருட்டைத் தடுக்கவெனத் தனிச் சட்டமே நடைமுறையில் இருந்தது. 1930இல் தொழிலாளர் அனைவரின் கைரேகையையும் பதிவு செய்யும் திட்டம் வந்தபோது, தங்களைக் குற்றவாளிகளாக நடத்துவதற்கு எதிராக அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கம் என்ற அமைப்பே சட்ட அங்கீகாரம் பெற்றிராத காலம் அது. 1940களின் தொடக்கத்தில் மைசூர்த் தொழிலாளர் சட்டம் வந்த பிறகே சங்கங்களுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. 1881இலேயே பிரதிநிதிகள் சபை கண்ட முன்னேறிய சமஸ்தானம் என்ற புகழ் மைசூருக்கு உண்டு. ஆனால் வாக்குரிமை சொத்தோடும் வரியோடும் கல்வியோடும் கட்டப்பட்டிருந்தது. தட்டிச்சுவர்க் குடிசைக்கு அந்தச் சபையில் வாசல் இல்லை.

முதலியாருக்கு எதிரே நின்றவரும் அந்த மண்ணிலிருந்தே வந்தவர். 1902இல் தங்கவயலுக்கு அருகிலுள்ள கியாசம்பள்ளியில் பிறந்த கே. செங்கலராய ரெட்டி, மைசூர்க் காங்கிரசின் தலைவர். அவருடைய தொடக்கமும் முதலியாருடைய தொடக்கம் போன்றதே. 1930இல் பார்ப்பனரல்லாதார் அரசியலின் வழியில் தோன்றிய பிரஜா பட்சத்தை நிறுவியவர்களுள் அவர் ஒருவர். ஆனால் அந்த இயக்கம் 1937இல் காங்கிரசோடு இணைந்து பொறுப்பாட்சிக் கோரிக்கையை ஏற்றது. நீதிக்கட்சியின் மேல்தட்டினரோ அரசாங்க மாளிகைகளுக்குள் தனித்தனியே சென்றனர். ஒரே வேரில் கிளைத்த இரு கிளைகள் 1947இல் பெங்களூரில் எதிரெதிரே நின்றன.

இந்தியா விடுதலை பெற்று இரு வாரங்களே கழிந்திருந்தன. மகாராஜா ஜெயசாமராஜ உடையார் இந்திய ஒன்றியத்தில் இணைய ஏற்கெனவே ஒப்பமிட்டிருந்தார். ஆயினும் சமஸ்தானத்துக்குள் மக்களாட்சி மலரவில்லை. செப்டம்பர் முதல் நாள் ‘மைசூர் சலோ’ தொடங்கியது. தலைவர்கள் சிறை சென்றனர். பள்ளி, கல்லூரி மாணவர் தெருவுக்கு வந்தனர். அக்டோபரில் அரசு உடன்பாட்டுக்கு வந்தது. அக்டோபர் 25 அன்று செங்கலராய ரெட்டி முதலமைச்சரானார். திவான் பதவியில் முதலியார் 1949 வரை நீடித்தாலும், ஆட்சியின் மையம் மாறிவிட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இந்தக் கதையிலேயே மிகவும் சிந்திக்கத்தக்கது. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்தது. நிஜாம் தரப்பு பாரிசில் கூடிய பாதுகாப்பு அவையிடம் முறையிட்டது. இந்தியாவுக்காக வாதாட நேரு அரசு தேர்ந்தெடுத்தவர் இராமசாமி முதலியார். ஐதராபாத் ஒரு தனிநாடு அன்று. ஆதலால் அவைமுன் வந்து பேச அதற்கு உரிமையே இல்லை என்பதே இந்தியத் தரப்பின் முதன்மை வாதம். மூன்றாண்டுக்கு முன் ‘பேசும் உரிமை உமக்கு இல்லை’ என்று காங்கிரசாரால் சொல்லப்பட்டவர், இப்போது காங்கிரஸ் அரசின் குரலாக நின்று அதே வாதத்தை ஒரு சமஸ்தானத்துக்கு எதிராக எடுத்துரைத்தார். அப்போது அவர் மற்றொரு சமஸ்தானத்தின் திவான். இதைச் சந்தர்ப்பவாதம் என்று தள்ளிவிடுவது எளிது. புதிய அரசு பழைய ஆட்சியின் திறமையாளரின்றி உலக அரங்கில் நடக்க முடியவில்லை என்பதும், அத்திறமையாளருக்கு மக்களின் ஒப்புதல் முதன்முறையாக, மறைமுகமாகவேனும், வந்து சேர்ந்தது என்பதும் அதைவிட நெருங்கிய உண்மைகள்.

பின்னாளில் அவர் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும், 1955இல் தொடங்கிய ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனத்தின் முதல் தலைவராகவும் இருந்தார். 1954இல் பத்மபூஷண், 1970இல் பத்மவிபூஷண். 1976 ஜூலை 17 அன்று, தம் 88ஆம் வயதில் மறைந்தார். டி. எம். நாயர் மறைந்த அதே ஜூலை 17.

தங்கவயலின் கதை வேறு திசையில் சென்றது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்ததும் சுரங்கத் தொழிலாளி தன் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கலானான். அத்தேர்வுகள் வியப்பூட்டுபவை. பொதுவுடைமைக் கட்சியினரையும், குடியரசுக் கட்சியின் சி. எம். ஆறுமுகத்தையும், பின்னர் அ.தி.மு.க.வின் எம். பக்தவத்சலத்தையும் அத்தொகுதி கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் அங்கிருந்து வெளியேறியது. இன்று விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர்.

முதலியாரின் பெயர் ஐ.நா. வரலாற்றில் உறுதியாக இருக்கிறது. தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் நீதிக்கட்சித் தலைவர் பட்டியலில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. தங்கவயலில் பெரும்பாலும் நினைக்கப்படுவதே இல்லை. இம்மூன்று நினைவுகளும் ஒன்றையொன்று சந்திக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. அவர் அனைவருக்காகவும் பேசினார், நன்றாகவும் பேசினார். சாசனத்தில் அவர் இடம்பெறச் செய்த சொற்கள் வட ஆற்காட்டிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிக்கும் உரியவையே. ஆனால் அந்தத் தொழிலாளியிடம் யாரும் ஒப்புதல் கேட்டதில்லை. கேட்கப்பட்ட நாளில் அவன் தன் வாக்கை வேறு பெயர்களுக்கு எதிரே பதித்தான்.