கவிதையிலிருந்து வந்த பெயர்

ரஷ்ய நாவல்களுக்குள் நுழையும்போது முதலில் மிரட்டுவது பெயர்கள்தான். ஒரே ஆளுக்கு நாலு பெயர் இருக்கும். என்னைப் பிடித்துக்கொண்டது அவற்றில் எளிமையான ஒன்று: ஸ்வெத்லானா. ‘ஸ்வெத்’ என்றால் ஒளி. உலகம் என்றும் பொருள் உண்டு. கேட்டால் ஆயிரம் வருஷத்துப் பழைய ஸ்லாவியப் பெயர் மாதிரி ஒலிக்கும். ஆனால் அதற்கு வயது இருநூறு சொச்சம்தான்.

1802-இல் வஸ்தோகவ் எழுதிய கதைப்பாடல் ஒன்றில் இந்தப் பெயர் வருகிறது. அதை ஊரறியச் செய்தது 1813-இல் வெளியான ழுக்கோவ்ஸ்கியின் ‘ஸ்வெத்லானா’. பனிக்கால இரவில் ஒரு பெண் கண்ணாடி முன் உட்கார்ந்து, தூரதேசம் போன காதலனைப் பற்றிக் குறி பார்க்கிறாள். அவன் வருகிறான், பனிவண்டியில் கூட்டிப்போகிறான், கடைசியில் பிணமாகக் கிடக்கிறான். விழித்தால் எல்லாம் கனவு. காதலன் உயிரோடு வாசலில் நிற்கிறான். இதற்கு மூலமான ஜெர்மன் கதைப்பாடல் ‘லெனோரே’வில் இந்த விடியல் கிடையாது. அங்கே அவளுக்குக் கல்லறைதான். ழுக்கோவ்ஸ்கியின் நண்பர்கள் அவருக்கே ‘ஸ்வெத்லானா’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

வாசகர்கள் மயங்கிப்போனார்கள். ஆனால் குழந்தைக்கு வைக்க முடியவில்லை. ஞானஸ்நானப் பெயர் புனிதர்களின் பட்டியலில் இருக்க வேண்டும்; ஸ்வெத்லானா என்று ஒரு புனிதை இல்லை. பெண்ணுக்குக் கிடைக்காத பெயர் போர்க்கப்பலுக்குக் கிடைத்தது. அப்படியொரு ‘ஸ்வெத்லானா’ 1905-இல் சூஷிமா போரில் மூழ்கியது.

1917 புரட்சிக்குப் பிறகு பிறப்புப் பதிவு திருச்சபையின் கையைவிட்டு அரசு அலுவலகத்துக்குப் போனது. பூட்டு திறந்தது. 1926-இல் பிறந்த தன் மகளுக்கு ஸ்டாலின் வைத்த பெயரும் இதுதான். பின்னாளில், ஒளி என்றே பொருள்படும் ஃபொதீனா என்ற புனிதையின் கிரேக்கப் பெயரோடு இணைத்து, திருச்சபையும் இதை ஏற்றுக்கொண்டது.

ஒரு பெயரை யார் அனுமதிப்பது? பாதிரியாரா, அரசா? இந்தப் பெயர் விஷயத்தில் இரண்டு பேருக்கும் முன்னால் வாசகர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டாலினின் மகள் அப்பாவின் பெயரை விட்டு அம்மாவின் குடும்பப்பெயரான அலிலுயேவாவை எடுத்துக்கொண்டார். பிரஜேஷ் சிங்கின் அஸ்தியோடு 1966 டிசம்பரில் இந்தியா வந்தவர், 1967 மார்ச்சில் தில்லியின் அமெரிக்கத் தூதரகத்துக்குள் நுழைந்தார். அமெரிக்காவில் 2011-இல் இறந்தபோது அவர் லானா பீட்டர்ஸ். நாடு போச்சு, அப்பா பெயர் போச்சு. கவிதையிலிருந்து வந்த பெயரில் மட்டும் பாதி கூடவே இருந்தது.