அம்மாவின் கூடையும் நாலு மீட்டர் காரும்

கார் வாங்கலாம் என்று வீட்டில் முடிவானபோது அண்ணன் விலையைப் பார்த்தான். நான் மைலேஜைப் பார்த்தேன். அம்மா டிக்கியை மட்டும் பார்த்தாள். போனில் படம் பார்ப்பதெல்லாம் அவளுக்கு ஒத்துவராது. தெருவில் எந்த வண்டி நின்றாலும் அதன் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் அகட்டிப் பிடித்துப் பார்ப்பாள். பிறகு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

எங்கள் ஊர் பிள்ளைச்சாவடி. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே, புதுச்சேரிக்கு வடக்கே இருக்கும் மீனவர் ஊர். நாங்கள் புதுச்சேரிக்காரர்கள்தான், ஆனால் டவுனுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் தமிழ்நாட்டு ஊர்களைத் தாண்டித்தான் போகணும். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், துண்டு துண்டான எல்லையை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டார்கள். சாவடி என்றால் வழிப்போக்கர்கள் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறும் இடம். ஆக, ஊர்ப் பெயரிலேயே லக்கேஜ் இருக்கிறது.

அம்மாவுக்குக் கருவாட்டு வியாபாரம். திண்டிவனம் பக்கத்து வாரச்சந்தைகளுக்குக் கொண்டுபோவாள். இரண்டு பெரிய கூடை, ஒரு சாக்கு, ஒரு தராசு, உட்கார ஒரு பலகை. இத்தனை வருஷமும் ஷேர் ஆட்டோ, யாராவது வாடகைக்குப் பிடித்த குட்டியானை, இடம் கொடுத்தால் பஸ். வயது அறுபதைத் தாண்டியதும் முட்டி பேச ஆரம்பித்துவிட்டது. கையில் இருப்பதோ பழைய வண்டிக்கான காசு. பெட்ரோல் குறைவாகக் குடிக்கணும், சின்னதாக இருக்கணும், ஆனால் சாமான் நிறையக் கொள்ளணும். இந்த மூன்றும் ஒரே வண்டியில் சேர்வது ஏன் இவ்வளவு கஷ்டம் என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில் அந்தச் சொல். டிக்கி என்று நாம் சொல்வதை இங்கிலாந்தில் பூட் என்பார்கள், அமெரிக்காவில் டிரங்க் என்பார்கள். டிக்கி என்பது ஆதியில் சாமான் வைக்கும் இடமே அல்ல, ஓர் இருக்கை. குதிரை வண்டிக் காலத்தில் வண்டிக்கு வெளியே, பின்பக்கம், வேலைக்காரர் உட்காரும் சீட்டுக்கு அந்தப் பெயர். பழைய கார்களிலும் பின்மூடியைத் திறந்தால் வெயிலும் மழையும் படுகிற ஒரு மடக்குச் சீட்டு இருக்கும். காருக்குள்ளே இடமில்லாதவர்கள் அதில் உட்காருவார்கள். அந்தச் சீட்டு மறைந்தே போய்விட்டது, பெயரை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். வேலைக்காரர் உட்கார்ந்த இடத்தில் இப்போது மூட்டை உட்கார்ந்திருக்கிறது.

நாங்கள் கார் தேடுவது தெரிந்ததும் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் சொல்தா தாத்தா என்றால்தான் தெரியும். "தெ ஷெவோ மாதிரி ஒரு வண்டி இனிமே வராது பாப்பா" என்று ஆரம்பித்தார்.

தெ ஷெவோ என்றால் இரண்டு குதிரை. சித்ரோன் கம்பெனியின் தலைவராக இருந்த பியேர் பூலான்ஷே 1930களில் தன் பொறியாளர்களுக்குக் கொடுத்த உத்தரவு வாகன வரலாற்றில் பிரபலமானது. குடியானவர்கள் இரண்டு பேரும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏறணும். மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடணும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோல்தான் குடிக்கணும். உழுத வயலில் ஒரு கூடை முட்டையோடு போனாலும் ஒரு முட்டைகூட உடையக் கூடாது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் செய்துவைத்த மாதிரி வண்டிகளில் பலவற்றை அழித்தார்கள், சிலவற்றை ஜெர்மானியர் கண்ணில் படாமல் ஒளித்துவைத்தார்கள். கடைசியில் 1948இல் பாரிஸ் கண்காட்சியில் அது வெளியே வந்தபோது பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்களாம். தகரம், கான்வாஸ் கூரை, 375 சிசி இன்ஜின். ஆனால் 1990 வரை தயாரானது, 38 லட்சத்துக்கு மேல் விற்றது.

எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான். அந்த உத்தரவு மூட்டையிலிருந்து ஆரம்பிக்கிறது. ஒரு குடியானவர் கையில் என்ன இருக்கும் என்று யோசித்துவிட்டுப் பிறகுதான் காரை வரைந்திருக்கிறார்கள்.

'இரண்டு குதிரை' என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? இன்ஜினின் உண்மையான சக்தியைக் குறிக்கும் பெயரில்லை அது. பிரெஞ்சு அரசு வரி போடுவதற்காக வைத்திருந்த குதிரைக் கணக்கு. அதாவது காரின் பெயரே அதன் வரி வகுப்பு. இதைப் படித்ததும் எனக்கு ஒரு நூல் கிடைத்தது. சின்ன காரின் உருவத்தைப் பாதி பொறியாளர் வரைகிறார், மீதியை வரி அதிகாரி வரைகிறார்.

இந்தியாவுக்கு வருவோம். 1958 முதல் உத்தர்பாராவில் ஓடத் தொடங்கிய அம்பாசிடருக்கு நல்ல அகலமான டிக்கி. கல்யாண வீட்டு அண்டாவே போகும். ஆனால் பெட்ரோலையும் அண்டா அண்டாவாகக் குடிக்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், விலை 50 ஆயிரத்துக்குள். நடுத்தரக் குடும்பம் முதன்முதலாகச் சிக்கனமான ஒரு காரில் ஏறியது. ஆனால் டிக்கி? இரண்டு பை வைத்தால் மூடி மூடாது. காரணம், அதன் உடல் நமக்காக வரையப்பட்டதில்லை. ஜப்பானில் 'கே' கார் என்று ஒரு வகுப்பு உண்டு. 1976இல் வந்த விதிப்படி நீளம் 3.2 மீட்டரைத் தாண்டக் கூடாது, அதற்குள் இருந்தால் வரிச் சலுகை. அந்த அளவுக்குள் சுசுகி வரைந்த உடலில்தான் நம்ம 800 பிறந்தது. ஜப்பானிய வரி அதிகாரி மிச்சம் பிடித்ததை நாம் கூரைமேல் கேரியர் போட்டுக் கட்டினோம். கட்டினால் காற்று தடுக்கும், மைலேஜ் போகும். சிக்கனத்துக்கு வாங்கிய வண்டி சிக்கனத்தையே தின்னும்.

அடுத்த கோடு நம் ஊர்க்காரர் போட்டது. 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சின்ன கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16ஆகக் குறைத்தார். சின்ன கார் என்றால்? நீளம் 4 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி. அன்றிலிருந்து இந்தியாவில் ஒரு விநோத ஜாதிக் கார் பிறந்தது. முன்னால் முழு உடம்பு, பின்னால் வெட்டிய வால். 2008இல் வந்த ஸ்விஃப்ட் டிசையர் 4.16 மீட்டர் நீளம், டிக்கி 440 லிட்டர். 2012இல் அதே பெயரில் வந்த அடுத்த வண்டி 3.995 மீட்டர், டிக்கி 316 லிட்டர். வரிக்காக வெட்டியபோது சீட்டில் கைவைக்கவில்லை, மூட்டையில்தான் கைவைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த சின்ன செடான்கள் அந்த 4 மீட்டருக்குள்ளேயே மறுபடி 400 லிட்டர் வரை எட்டின என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோதும் அந்த 4 மீட்டர் கோடு அழியவில்லை.

இன்னும் சிக்கனம் வேண்டுமென்றால் சிஎன்ஜி. ஆனால் அந்த சிலிண்டரை எங்கே வைப்பார்கள்? டிக்கியில்தான். 2023இல் டாடா ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்ன சிலிண்டரைத் தரைக்கு அடியில் படுக்கவைத்து இடத்தைக் கொஞ்சம் மீட்டது. அதற்கு முன்னால் சிக்கனமும் சாமானும் ஒரே இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் ஒரு பட்டியல் போட்டேன். செடான்தான் சரி என்று அண்ணனிடம் வாதாடினேன். டிக்கி தனி, உட்காரும் இடம் தனி, நடுவில் மறைப்பு. லிட்டர் கணக்கும் அதிகம்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் செடான் கேட்டது லிட்டருக்காக அல்ல, அந்த மறைப்புக்காக. கருவாட்டு வாசம் உள்ளே வரக் கூடாது. நாளைக்கு என் ஆபீஸ் தோழிகள் ஏறினால்? அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போனால்? ஸ்கூல் படிக்கும்போது ஒரு நாள் அம்மாவோடு ஒரு பஸ்ஸில் ஏறினேன். கூடையைப் பார்த்ததும் இறங்கச் சொன்னார்கள். அம்மா ஒன்றும் பேசாமல் இறங்கினாள். நான் இறங்கவில்லை. அவளைத் தெரியாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அடுத்த ஸ்டாப்பில்தான் இறங்கி, அழுதுகொண்டே திரும்பி நடந்தேன்.

2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை, நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்ட காணொலி பரவியது. முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதே ஆண்டில் கேரளா திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே 'சமுத்ரா' என்ற பெயரில், கூடை வைக்க இடம் ஒதுக்கி, இலவசப் பேருந்துகளை விட்டது. இரண்டு செய்தியையும் போனில் பார்த்தபோது எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. நான் விரும்பிய செடானும் அந்த ஜன்னலும் ஒன்றுதானோ?

பழைய கார் விற்கும் இடத்துக்கு அம்மா வெறும் கையோடு வரவில்லை. காலிக் கூடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணனுக்கு மானம் போனது. நான் தேர்ந்தெடுத்த செடானின் டிக்கியைத் திறந்தோம். உள்ளே குகை மாதிரி ஆழம், ஆனால் வாய் சின்னது. கூடையைச் சாய்த்தால்தான் போகும்.

"சாச்சு வெச்சா நெத்திலி எல்லாம் கொட்டிப்பூடும்டி. அப்பறம் இதப் பாரு, இம்மாம் ஒசரம் தூக்கி, உள்ள குனிஞ்சு எறக்கணும். திரும்ப எடுக்கறப்போ இடுப்பு என்னாத்துக்கு ஆவும்?"

லிட்டர் கணக்கில் இது எங்கேயும் இல்லை. டிக்கியை லிட்டரில் அளக்க ஜெர்மன் முறை ஒன்று இருக்கிறது. 20 சென்டிமீட்டர் நீளம், 10 அகலம், 5 உயரமுள்ள சின்னக் கட்டைகளை அடுக்கி எண்ணுவார்கள். கட்டை ஒன்றுக்கு ஒரு லிட்டர். கட்டை எந்தச் சந்திலும் போகும், கூடை போகாது. வாயின் அகலம், தரையிலிருந்து விளிம்பின் உயரம், உள்ளே பள்ளம் இருக்கிறதா என்ற இந்த மூன்றையும் நாம்தான் அளக்கணும். அம்மா தெருவில் கையை அகட்டி அளந்தது இதைத்தான்.

மூலையில் ஒரு ரெனோ டிரைபர் நின்றது. 3.99 மீட்டர், 999 சிசி. ஏழு பேர் உட்கார்ந்தால் பின்னால் 84 லிட்டர்தான் மிச்சம். கடைசி வரிசையைக் கழற்றி வைத்துவிட்டால் 625 லிட்டர். நம்ம ஒரகடத்தில் தயாரான வண்டி. கதவு மேலே தூக்கியது. கூடை நேராகப் போய் உட்கார்ந்தது, பக்கத்திலேயே இரண்டாவதுக்கும் இடம்.

பிறகுதான் படித்தேன். தெ ஷெவோவுக்குப் போட்டியாக 1961இல் ரெனோ இறக்கிய கார் ரெனோ 4. ஜீன்ஸ் பேன்ட் மாதிரி எல்லா வேலைக்கும் எல்லாருக்கும் ஒரே கார் வேண்டும் என்பது அந்தக் கம்பெனித் தலைவர் பியேர் டிரைஃபுஸின் எண்ணம். தட்டையான தளம், பின்னால் முழுசாக மேலே திறக்கும் கதவு, மடக்கும் பின்சீட்டு. சாமானுக்கும் மனிதருக்கும் நடுவிலிருந்த சுவரை எடுத்ததால்தான் சின்ன உடம்பில் அவ்வளவு இடம் வந்தது. இன்று நாம் ஹேட்ச்பேக் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு முன்னோடி. நான் தேடிய மூன்றும் சேர்வதற்குத் தடையாக நின்றது நான் ஆசைப்பட்ட அந்தச் சுவர்தான்.

"வாசம் உள்ள வருமேம்மா" என்றான் அண்ணன். நான் சொல்ல வேண்டியதை அவன் சொன்னான்.

அம்மா டிக்கியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "அந்த வாசத்துலதான்டா நீங்க ரெண்டு பேரும் படிச்சீங்க. தாங்கலன்னா கண்ணாடிய எறக்கிக்க."

வண்டி வீட்டுக்கு வந்ததும் சொல்தா தாத்தா சுற்றி வந்து பார்த்தார். "கடைசியில பிரெஞ்சுக்காரன் வண்டிதானா?" என்று ஒரே சந்தோஷம்.

முதல் சந்தைக்குப் போன அன்று எல்லைச் செக்போஸ்டில் நிறுத்தினார்கள். புதுச்சேரி நம்பர் என்றால் பாட்டில் இருக்கும் என்று டிக்கியைத் திறக்கச் சொல்வது வழக்கம். போலீஸ்காரர் கதவைத் தூக்கினார். காலை வெயிலில் சூடான நெத்திலி வாசம் குப்பென்று அவர் முகத்தில் அடித்தது. ஒரு எட்டு பின்வாங்கினார். நான் பழக்கதோஷத்தில் ஜன்னல் பக்கம் திரும்பப் போனேன். திரும்பவில்லை.

"எங்கம்மா சார். சந்தைக்குப் போறோம்" என்றேன்.

அம்மா பின்சீட்டிலிருந்து கையை நீட்டிக் கூடையில் ஒரு பிடி அள்ளினாள். "நல்ல நெத்திலிப்பா. வூட்டுக்கு எடுத்துனு போறியா?"